மூன்று தலைமுறையோடு ஆலப்புழை ஹவுஸ்போட்: நாகர்கோவில் பக்கமிருந்து போகிறவர்களுக்கு

ஆலப்புழை ஹவுஸ்போட் நல்லதுதான், கொடுத்த காசுக்குப் பழுதில்லை. ஆனால் இரண்டு வயதுப் பிள்ளையும் எழுபதைத் தாண்டிய பெரியவர்களும் சேர்ந்து போகிற குடும்பமென்றால், யூடியூப் வீடியோவில் காட்டுகிற எதையும் நம்பிப் படகு பிடிக்காதீர்கள். மேல்தளம், கண்ணாடிச் சுவர், கட்டிலில் ரோஜா இதழ், மேஜை நிறைய வாழையிலையில் பரப்பிய கூட்டுவகை, இதெல்லாம் ஏறின அரைமணி நேரத்தில் மறந்துபோகும். படகுக்குள் காலெடுத்து வைக்கிற இடம், கக்கூஸ் வாசற்படி, கைப்பிடிக் கம்பியின் உயரம், ஏசி எத்தனை மணிக்குப் போடுவார்கள் என்பது, இந்த நாலும்தான் மறுநாள் காலைவரை கூடவே வரும். நாங்கள் போனதில் முதல் இரண்டும் மோசம், மூன்றாவது பரவாயில்லை, நாலாவதுக்குச் சண்டையே போட வேண்டியதாயிற்று.

படகின் பெயரை எழுதப் போவதில்லை. ஆலப்புழையில் ஹவுஸ்போட் ஏறுகிற இடமான புன்னமடையில் நூற்றுக்கணக்கில் கட்டிக் கிடக்கிறது, இன்றைக்கு ஒருவர் கையில் இருப்பது அடுத்த சீசனில் இன்னொருவர் குத்தகைக்குப் போய்விடும், சமையல்காரர் மாறுவார், பெயர்ப்பலகையே மாறும். அதனால் எதையெல்லாம் பார்த்துப் பிடிக்க வேண்டும் என்று எழுதினால் உங்களுக்கு உபயோகம்.

போன கூட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் கணக்குப் புரியும். அப்பா, அம்மா, என் மாமியார், நானும் கணவரும், அண்ணனும் மைனியும், பிள்ளைகள் மூன்று பேர். என் மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு இரண்டு, அண்ணன் மகனுக்கு ஐந்து. மாமியாருக்கு இரண்டு முட்டும் தேய்மானம். அப்பாவுக்கு உடம்பில் ஒரு குறையுமில்லை, ஆனால் ஒரு இடத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார மாட்டார்.

என் கணவருக்கு முதலில் சொகுசுக் கப்பல் ஆசைதான். கொச்சியில் ஏறி லட்சத்தீவு பார்த்துவிட்டு வருகிற மாதிரி ஏதோ திட்டம் பார்த்து வைத்திருந்தார். கணக்குப் போட்டால் கப்பலில் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம், அதற்கு மேல் வரி, துறைமுகக் கட்டணம் என்று ஏறிக்கொண்டே போகிறது. காசுகூடப் பரவாயில்லை என்று வைத்தாலும் லட்சத்தீவில் கப்பல் கரையில் போய் ஒட்டி நிற்காது, நடுக்கடலில் நிற்கும், அங்கேயிருந்து சின்னப் படகுக்கு மாறித்தான் தீவுக்குப் போக வேண்டும். முட்டுவலிக்காரரை ஆடுகிற படகில் இறக்கி ஏற்றுவது யார்? கைக்குழந்தை வாந்தியெடுத்தால் நடுக்கடலில் இறங்கிக்கொள்ளவும் முடியாது. அப்பா வேறு, தினமும் கண் விழித்தால் கடலைப் பார்க்கிற ஊர்க்காரன் கடலைப் பார்க்க லட்ச ரூபாய் கொடுப்பானா என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அவருக்குக் கன்னியாகுமரியில் பூம்புகார் படகில் ஏறிப் பாறைக்குப் போய்வந்ததே கடல் பயணம். சரி, காயலென்றால் அலை இல்லை, குமட்டல் இல்லை, கரை எப்போதும் கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கும், அவசரமென்றால் அரைமணி நேரத்தில் ஏதாவது ஒரு படகு ஜெட்டியில் இறங்கிவிடலாம். அப்படித்தான் ஆலப்புழை முடிவானது.

தேதி பிடிக்கிற விஷயத்தில் குமரி மாவட்டக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, அதை ஏன் யாரும் பயன்படுத்துவதில்லை என்று தெரியவில்லை. கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு டிசம்பர் 3-ஆம் தேதி நமக்கு மட்டும் விடுமுறை. மார்ச்சில் மண்டைக்காடு கொடைக்கும் அப்படியே. நமக்குப் பள்ளிக்கூடம் இல்லை, மற்ற ஊர்க்காரர்களுக்கு அது சாதாரண வேலைநாள். அந்த மாதிரி நாள் வார நடுவில் வந்தால் கூட ஒரு நாள் லீவு போட்டுவிட்டுக் கிளம்புங்கள். கிறிஸ்துமஸ் முடிந்து புத்தாண்டு வரைக்கும் கேட்கிற வாடகையில் பாதிதான் ஆகும், காயலிலும் நெரிசல் இருக்காது. ஓணத்துக்கும் நமக்கு விடுமுறை உண்டுதான், ஆனால் அன்றைக்குக் கேரளமே வெளியே கிளம்பியிருக்கும். ஆகஸ்டில் நேரு டிராபி வள்ளங்களி என்கிற படகுப் போட்டி நடக்கிற நாட்களில் புன்னமடைப் பக்கமே போகாதீர்கள், போட்டி பார்க்கப் போகிறீர்களென்றால் அது வேறு விஷயம். ஏப்ரல், மே பெரியவிடுமுறை வேண்டாம், பகலில் ஏசி இல்லாத படகில் பிள்ளைகள் வெந்துபோவார்கள். நாங்கள் சவேரியார் விடுமுறையைப் பிடித்துத்தான் போனோம்.

மூன்று அறைப் படகு, வேறு யாரும் ஏறாமல் எங்களுக்கு மட்டும், நாலு வேளைச் சாப்பாட்டோடு 21,000 ரூபாய். முதலில் 26,000 சொன்னார்கள், அண்ணன் ஃபோனில் மலையாளத்தில் பேச ஆரம்பித்ததும் தானாக இறங்கிற்று. அறைக்கு இவ்வளவு என்று ஷேரிங்கிலும் கிடைக்கும், அது மலிவு, ஆனால் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். இரவு பதினொரு மணிக்கு உங்கள் பிள்ளை அழுதால் அடுத்த அறையில் தேனிலவுக்கு வந்தவர்கள் என்ன செய்வார்கள், பாவம். ஐந்து வயதுக்குள் இருக்கிற பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் காசு வாங்குவதில்லை, அதற்கு மேல் பன்னிரண்டு வரை ஏதாவது கேட்பார்கள், ஐந்து முடிந்ததா நடக்கிறதா என்பதில் கடைசி நேரத்தில் வழக்கு வரும், முதலிலேயே வாட்ஸப்பில் எழுதி வாங்கிவிடுங்கள்.

நாகர்கோவிலில் இருந்து ஆலப்புழை கிட்டத்தட்ட 220 கிலோமீட்டர். கூகுள் சொல்கிற நேரத்தோடு ஒன்றரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள், நெடுஞ்சாலை அகலப்படுத்துகிற வேலை நடந்தால் அதற்கு மேலும் ஆகும். படகு பகல் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிவிடும், நீங்கள் இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் போன இரண்டு மணி நேரம் போனதுதான், மாலையில் சேர்த்துத் தரமாட்டார்கள். இதைத்தான் யாரும் விளக்கமாகச் சொல்வதில்லை. பேச்சுக்கு இருபத்தோரு மணி நேர வாடகை, பகல் பன்னிரண்டு முதல் மறுநாள் காலை ஒன்பது வரை. அதில் படகு ஓடுவது எவ்வளவு நேரம் என்று பாருங்கள்: பன்னிரண்டில் இருந்து ஒன்றரை வரை, அப்புறம் சாப்பாட்டுக்கு எங்கேயாவது ஓரமாக ஒரு மணி நேரம் கட்டிப்போடுவார்கள், அதற்குப் பிறகு ஐந்து, ஐந்தரை வரை. மீன்காரர்கள் மாலையில் வலை விரிப்பார்கள், அதற்குள் ஹவுஸ்போட்டெல்லாம் கரை ஒதுங்கியாக வேண்டும். காலையில் திரும்பி வருகிற அரைமணி, முக்கால்மணி. ஆக மொத்தம் ஓட்டம் ஐந்து மணி நேரத்துக்குப் பக்கம், மீதிக்குத் தண்ணீர்க் கரையில் கட்டிப்போட்ட லாட்ஜ்தான் அது. தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது. நாங்கள் விடியற்காலை நாலரைக்கே வேனில் கிளம்பினோம், பிள்ளைகளைத் தூக்கத்திலேயே தூக்கிப் போட்டோம், ஆற்றிங்கல் தாண்டி விழித்தார்கள். பெரியவர்களுக்கு இந்த அவசரம் ஆகாது, முதல் நாள் இரவே போய் ஆலப்புழையில் தங்குவதுதான் சரி.

இனி ஏறுகிற கதை. படத்தில் ஒரு படகு தனியாக, தென்னை நிழலில், பலகை போட்டு நிற்கும். புன்னமடையில் அப்படி எதுவும் கிடையாது. கரையோடு ஒன்று, அதன் விலாவில் இன்னொன்று, அதற்கப்பால் இன்னொன்று என்று அடுக்காகக் கட்டியிருக்கிறார்கள், எங்கள் படகு மூன்றாவது. கரையில் இருந்து முதல் படகுக்குப் பலகை, அதன் வரவேற்பறைக்குள் நுழைந்து அந்தப் பக்கமாக வெளியே வந்து, இரண்டாவது படகின் விளிம்பில் காலைத் தூக்கி வைத்து, மறுபடி அப்படியே. விளிம்பு முட்டளவு உயரம், இரண்டு படகுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி, அது சும்மா இருக்காது, அகலும் குறுகும். ஒன்பது வயதுக்காரிக்கு விளையாட்டு. மாமியார் முதல் விளிம்பிலேயே நின்றுவிட்டார். பணியாள் ஒருவர் ஓடிப்போய் பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்து வந்து போட்டார், இன்னொருவர் அந்தப் பக்கம் இருந்து முழங்கையைப் பிடித்தார், அவர்கள் பழக்கப்பட்டவர்கள், கையை இழுக்காமல் முட்டுக் கொடுக்கிற மாதிரி நின்றார்கள். மாமியார் ‘கர்த்தாவே’ என்று கண்ணை மூடிக்கொண்டு ஒரு எட்டு வைத்தார், ஏறிவிட்டார். ஆனால் ஃபோனில் ‘வயசானவங்க ஈஸியா ஏறலாம் மேடம், ஒரு பிரச்சினையும் இல்லை’ என்று சொன்ன ஆள் இதைச் சொல்லவே இல்லை. நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: கரையோடு ஒட்டி நிற்கிற படகா, இல்லை வேறு படகு தாண்டி ஏற வேண்டுமா? முட்டுவலிக்காரர் இருக்கிறார், தனி ஜெட்டிக்குப் படகைக் கொண்டுவர முடியுமா? சில பேர் சம்மதிப்பார்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் கேட்டால் அதிகமாகவே சம்மதிப்பார்கள்.

உள்ளே அறை சுத்தம், விரிப்பு சுத்தம், கொசுவலை ஜன்னலில் உண்டு. கக்கூஸ் வெஸ்டர்ன்தான், தண்ணீர் வந்தது. ஆனால் அறையில் இருந்து கக்கூஸுக்கு முக்கால் அடி உயர வாசற்படி, தாண்டியதும் வழுக்குகிற டைல்ஸ், பிடிக்க ஒன்றுமில்லை. இரவில் மாமியாரோடு நான்தான் ஒவ்வொரு தடவையும் எழுந்து போனேன். வீட்டில் இருந்து ஒரு ரப்பர் மிதியடி எடுத்துப் போயிருந்ததால் அதை ஈரத் தரையில் விரித்து ஒப்பேற்றினோம். புக் செய்வதற்கு முன்னால் கக்கூஸ் வாசலைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கட்டிலைத்தான் அனுப்புவார்கள், விடாமல் மறுபடி கேளுங்கள்.

கைப்பிடிக் கம்பி என் இடுப்பளவு இருந்தது, நடுவில் கயிறு பின்னியிருந்தார்கள், இரண்டு வயசன் தலை நுழையாது, அந்த மட்டில் நிம்மதி. ஆனால் முன்பக்கம் படகோட்டுகிற சேட்டன் உட்காருகிற இடத்துக்கு முன்னால் ஒன்றுமே கிடையாது, திறந்து கிடக்கிறது, நேரே தண்ணீர். பிள்ளைகளுக்கு அந்த ஸ்டீயரிங்தான் கண்ணில் பட்டது. அப்புறம் நாள் முழுக்க பெரியவர்கள் நாங்கள் முறைவைத்து அந்த வழியை மறித்து நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். லைஃப் ஜாக்கெட் கேட்டபோது அலமாரி மேலே கட்டி வைத்திருந்த மூட்டையை அவிழ்த்தார்கள். எல்லாம் பெரியவர்கள் அளவு, சின்னது இரண்டு, அதில் ஒன்றின் கொக்கி உடைந்து கிடந்தது. நல்லவேளை அண்ணன் நாகர்கோவிலிலேயே கடைகடையாகத் தேடிப் பிள்ளைகள் அளவில் வாங்கி வைத்திருந்தான், அப்போது அவனைக் கிண்டல் செய்த மைனி படகில் வாயே திறக்கவில்லை.

பாதுகாப்பு பற்றி இன்னும் கொஞ்சம். 2009-ல் தேக்கடியில் கவிழ்ந்தது இரண்டு அடுக்குப் படகு, மிருகங்களைப் பார்க்க எல்லோரும் ஒரு பக்கமாக நகர்ந்ததும் சாய்ந்தது, 45 பேர் போனார்கள். 2023 மே மாதம் தானூரில் மாலை மங்கின நேரத்தில் அளவுக்கு மேல் ஆளேற்றிப் போனதும் இரண்டு அடுக்குதான், 22 பேர், அதில் பாதிக்கு மேல் பிள்ளைகள். ஹவுஸ்போட் அந்த மாதிரி ஒல்லியான படகில்லை, அகலமானது, மெதுவாகப் போவது, ஆனாலும் பிள்ளைகளோடு போகும்போது எனக்கு மேல்தளம் வேண்டாம். மேலே ஏறுகிற சுழல்படி வேறு, பெரியவர்கள் கீழே, பிள்ளைகள் மேலே, நாம் படியிலேயே குடித்தனம் நடத்த வேண்டியிருக்கும். ஒரே தளப் படகு பிடியுங்கள். கே.ஐ.வி. என்று தொடங்கும் பதிவு எண் படகில் எழுதியிருக்கும், சர்வே சான்றிதழும் இன்சூரன்ஸும் நடப்பில் இருக்கிறதா என்று கேட்டால் கோபித்துக்கொள்கிறவரிடம் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம்.

சாப்பாட்டுக்கு முழு மார்க். மட்டை அரிசிச் சோறு, சாம்பார், பீன்ஸ் மெழுக்குபெரட்டி, முட்டைக்கோஸ் தோரன், பப்படம், ஆளுக்கொரு கரிமீன் பொரித்தது. தேங்காயெண்ணெய் வாசம் நமக்கு வீட்டு வாசம்தான், சென்னைப் பக்கத்து விருந்தாளிகள் மாதிரி முகம் சுளிக்க வேண்டியதில்லை. கரிமீன் முள்ளை ஐந்து வயசனுக்கு எடுத்துக் கொடுப்பதற்குள் அம்மாவின் சோறு ஆறிப்போனது, பிள்ளைகளுக்குக் கோழி கேட்டிருக்கலாம். சமையல்காரச் சேட்டன் தங்கமான மனுஷன். சின்னவனுக்குக் காரமில்லாமல் ஏதாவது வேண்டுமே என்று கேட்டதற்கு, ‘கஞ்சி போதுமா’ என்று அவரே கேட்டு, குழையக் குழையக் கஞ்சியும் உப்பு மட்டும் போட்ட பயறும் வைத்துக் கொடுத்தார். ஆனாலும் கையில் மட்டிப்பழம் ஒரு சீப்பு எடுத்துப் போங்கள், நடுவில் பசித்து அழுதால் வேறு எதுவும் அவ்வளவு சீக்கிரம் அழுகையை நிறுத்தாது. சாயங்காலம் டீயோடு பழம்பொரி வந்தது, மாமியார் மூன்று சாப்பிட்டார், சர்க்கரை இருக்கிறது என்று யாரும் அவருக்கு நினைவுபடுத்தவில்லை.

இடையில் ஒரு கடையில் நிறுத்தினார்கள். பெரிய பெரிய ஆற்றுக்கொஞ்சு, அதாவது ஆற்று இறால், ஐஸ் மேலே வைத்திருந்தார்கள், நீலக்கால் நீட்டிக்கொண்டு. விலை கேட்டதும் அப்பா சிரித்தார். குளச்சலில் மீன் வாங்கிப் பழகினவரிடம் அந்த விலையைச் சொல்லியிருக்கக் கூடாது. வாங்கியாக வேண்டும் என்று கட்டாயமில்லை, ஆனால் வாங்கும்வரை படகு நகராத மாதிரி ஒரு பாவனை இருக்கும். சிரித்துக்கொண்டே ‘வேண்டாம் சேட்டா, போகலாம்’ என்று சொன்னால் போதும், வண்டி நகர்ந்துவிடும்.

பயணம் யாருக்காக என்று கேட்டால், சத்தியமாகப் பெரியவர்களுக்காகத்தான். இதை நான் எதிர்பார்க்கவில்லை. படகு ஓடுகிற அந்த இரண்டரை மணிக்கு மேற்பட்ட நேரம்தான் சின்னவர்கள் தூங்குகிற நேரம், இரண்டு பேரும் அடித்துப்போட்ட மாதிரி தூங்கிவிட்டார்கள், மகள் டேப்லெட் வேண்டும் என்று முரண்டு பிடித்தாள். பத்து நிமிடம் உட்காராத அப்பா அன்றைக்கு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அவர் சின்ன வயதில் தேங்காப்பட்டணம் பக்கம் ஏவிஎம் கால்வாயில் கதம்பை (தேங்காய் மட்டை) ஏற்றிய வள்ளங்கள் போவதைப் பார்த்தவர். 1860-ல் வெட்டத் தொடங்கிய கால்வாய், திருவனந்தபுரத்தில் இருந்து கன்னியாகுமரி வரை வள்ளத்திலேயே வந்துவிடலாம் என்று ராஜா காலத்தில் போட்ட திட்டம், இப்போது பாதி தூர்ந்து, மீதி ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது. அது உயிரோடு இருந்திருந்தால் நாம் காசு கொடுத்து இவ்வளவு தூரம் வர வேண்டாமே என்றார். அப்புறம் குட்டநாட்டு வயல் வந்ததும் படகோட்டியிடம் போய் உட்கார்ந்துகொண்டார். நாஞ்சில்நாட்டு விவசாயிக்கு அது வினோதம்தான். இங்கே குளத்து மடையைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் விடுவோம், அங்கே வயல் கடல்மட்டத்துக்கும் கீழே கிடக்கிறது, வரப்புக்கு மேலே நின்று எட்டிப் பார்த்தால் நாம் போகிற தண்ணீர் மேலே, நாற்று கீழே. வயலில் இருக்கிற தண்ணீரை பெட்டியும் பறையும் என்று சொல்கிற இறைப்புக் கருவி வைத்து மோட்டாரில் இறைத்துக் காயலுக்குள் தள்ளுகிறார்கள். அந்தப் பெட்டி ஓடிக்கொண்டிருந்த ஒரு இடத்தில் சேட்டன் எஞ்சினைக் குறைத்து, படகைக் கிட்டத்தில் கொண்டுபோய்க் காட்டினார், கேட்காமலேயே. மாடு குளிப்பாட்டுகிறவர், படகில் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள், வாசற்படியிலேயே பாத்திரம் கழுவுகிற பெண்கள், அம்மாவும் மாமியாரும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கதை கட்டிக்கொண்டு வந்தார்கள். பத்து வருஷமாகச் சம்பந்திகள், இவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்து பேசி நான் பார்த்ததில்லை.

காயல் தண்ணீர் அழகென்று சொல்லமாட்டேன். பிளாஸ்டிக் மிதக்கிறது, சில இடங்களில் டீசல் படலம். இத்தனை படகும் எங்கே கழிவை விடுகிறது என்று யோசித்தால் கையை நனைக்கத் தோன்றாது, பிள்ளைகளை நனைக்க விடவும் இல்லை.

ஏசி விஷயத்துக்கு வருகிறேன். டீலக்ஸ் என்று சொல்கிற படகுகளில் ஏசி இரவு ஒன்பது மணிக்குத்தான், காலை ஆறு மணிக்கு நிறுத்திவிடுவார்கள். பிரீமியத்தில் முழுநேரம். எங்களுடையது டீலக்ஸ், அது தெரிந்துதான் எடுத்தோம், ஆனால் சின்னப் பிள்ளைகள் ஏழரை, எட்டு மணிக்குத் தூங்குகிறவர்கள். ஐந்தரைக்கு வயலோரமாகக் கட்டிப்போட்டார்கள், ஆறு மணிக்குக் கொசு வந்தது, கதவைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் கொசு. கரையில் இருந்து கரண்ட் கனெக்‌ஷன் இழுத்திருந்தார்கள், ஜெனரேட்டர் செலவுகூட இல்லை, இருந்தாலும் ஏழரைக்கே போடச் சொன்னால் ஆபீஸில் கேட்க வேண்டும் என்றார்கள், ஆபீஸில் கேட்டால் 1,500 கூடுதல் என்றார்கள். என் கணவர் ஃபோனிலேயே அரைமணி வாதாடினார். கடைசியில் ஒரு அறைக்கு மட்டும் போட்டார்கள், பத்துப் பேரும் அந்த அறைக்குள் உட்கார்ந்துதான் சப்பாத்தியும் சிக்கனும் சாப்பிட்டோம். பிள்ளைகளோடு போகிறவர்கள் மாலை ஏழு மணிக்கு ஏசி என்பதை விலை பேசும்போதே சேர்த்துப் பேசுங்கள். கூடுதலாக ஆயிரம் ரூபாய் ஆனாலும் அப்போதே முடித்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் அறைக்குப் போர்வை கூடுதலாக ஒன்று கேளுங்கள், அதே ஏசி அவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது.

இரவு தூங்கப் போகிறபோது முன்வாசல் கதவைத் தாழ் போட்டு, தாழ் பிள்ளை கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். எங்களுடையதில் எட்டும். சாப்பாட்டு மேஜையை இழுத்துக் கதவுக்குக் குறுக்கே போட்டோம். மாத்திரை, தெர்மாமீட்டர், டயப்பர் எல்லாம் கரையில் இருந்தே எடுத்துப் போயிருக்க வேண்டும், கட்டிப்போட்ட இடத்தில் கடை கிடையாது.

காலையில் புட்டும் கடலையும், பிள்ளைகளுக்கு பிரெட் ஆம்லெட். எட்டரைக்குப் புன்னமடை வந்தாயிற்று. மறுபடி இரண்டு படகு தாண்டுகிற வேலை, இந்தத் தடவை மாமியார் ஸ்டூலை அவரே கேட்டு வாங்கினார். பணியாட்களுக்கு டிப்ஸ் கையில் கொடுங்கள், ஆபீஸில் கொடுத்தால் அவர்களுக்குப் போகுமா என்று எனக்குச் சந்தேகம்.

இரவு தங்க வேண்டாம் என்று நினைக்கிறவர்களுக்கு வழியிருக்கிறது. கிட்டத்திலேயே பூவாறு இருக்கிறது, களியக்காவிளை தாண்டிக் கொஞ்ச தூரம், ஒரு மணி, இரண்டு மணி நேரம் சின்னப் படகில் சுற்றிவிட்டு மத்தியானம் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம், பிள்ளைகள் படகில் எப்படி இருப்பார்கள் என்று பார்க்கவும் அது நல்ல ஒத்திகை. கொல்லம் அஷ்டமுடிக் காயலிலும் ஹவுஸ்போட் உண்டு, ஆலப்புழையைவிட எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர் மிச்சம். ஆலப்புழைதான் வேண்டும், ஆனால் செலவு செய்ய மனமில்லை என்றால் கேரள அரசின் நீர்ப்போக்குவரத்துத் துறை படகு ஆலப்புழையில் இருந்து கோட்டயத்துக்கு ஓடுகிறது, ஊர்க்காரர்கள் பஸ் மாதிரி ஏறி இறங்குவார்கள், ஹவுஸ்போட் போகிற காயல் வழியையே பார்க்கலாம், டிக்கெட் சில பத்து ரூபாய்தான். அதே துறையின் வேகா என்ற சுற்றுலாப் படகில் ஏசி இருக்கை உண்டு, பாதிராமணல் தீவுப் பக்கம் போய்விட்டு மாலைக்குள் கொண்டுவந்து விட்டுவிடும். முட்டுவலியும் கைக்குழந்தையும் சேர்ந்து இருக்கிற வீட்டுக்கு அதுவே தாராளம். ஞாயிற்றுக்கிழமை போகிறீர்களென்றால் டிக்கெட்டை முன்கூட்டியே சொல்லி வையுங்கள், கூட்டமாகப் போய் நின்றால் பத்து இருக்கை சேர்ந்தாற்போல் கிடைப்பது சிரமம்.